கூடுமானவரை இல்லாத விதி

செப்டம்பர் 30, செவ்வாய்

ஆயுத பூசைக்கு நாளை விடுமுறை. அதனால் ஆபீஸ் பூசையை இன்றைக்கே முடித்துவிட்டோம். சுண்டலில் உப்பில்லை, பொரியில் கல் கிடந்தது, பூசணிக்காய் உடைத்த இடத்தில் நானே வழுக்கி விழப் பார்த்தேன். மற்றபடி விசேஷம் நல்லபடியாக நடந்தது.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. பூசையன்று ஒருவர் ஒவ்வொரு சர்வரின் பெயரையும் அர்ச்சனைக்குச் சொல்வதுபோல வாசிப்பார். இன்னொருவர் அந்தச் சர்வரைத் தேடிப்போய்ப் பொட்டு வைப்பார். ஈரச் சந்தனம் மின்சாரத்துக்கு ஆகாது, அதனால் ஸ்டிக்கர் பொட்டு. முதலாளி மெய்யப்பன் சார் ஆரம்பித்து வைத்தது. சர்வர்களுக்கு ஆற்றுப் பெயர் வைத்ததும் அவர்தான். ஆற்றில் தண்ணீர் ஓடாவிட்டால் பெயராவது ஓடட்டும் என்பார்.

இந்த வருஷம் வாசித்தது ரிஸ்வானா. என் குழுவில் இருக்கிறவள், நாகூர்ப் பெண், வாய் கொஞ்சம் நீளம். எந்தச் சர்வர் எந்த அறையில் என்று கம்ப்யூட்டர் திரையில் இருப்பதைப் பார்த்து வாசித்தாள்.

"தெற்கு அறை. வைப்பாறு."

தெற்கு அறை முழுக்கத் தேடினேன். வைப்பாறு இல்லை. கடைசியில் வடக்கு அறையில், பாலாற்றுக்குப் பக்கத்தில், போன வருஷத்துப் பொட்டு வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தது.

"அக்கா, திரையில தெற்குன்னுதான் போட்டிருக்கு."

"திரையில போட்டுட்டா ஆறு எந்திரிச்சு நடந்து போயிருமா?" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே பொட்டு வைத்தேன். வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்த பிறகுதான் இது சிரிக்கிற விஷயம் இல்லை என்று உறைத்தது.

அக்டோபர் 3, வெள்ளி

இரண்டு நாள் விடுமுறையும் இதே நினைப்பு. எழுதினாலாவது மண்டைக் குடைச்சல் தீருகிறதா பார்க்கிறேன்.

நாங்கள் நடத்தும் தேடலின் பெயர் 'அருகில்'. எந்த மருத்துவமனையில் படுக்கை காலி, எந்த ரத்த வங்கியில் எந்த வகை ரத்தம், எங்கே பாம்புக்கடி மருந்து இருப்பில் இருக்கிறது என்று ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் தட்டிய மாத்திரத்தில் பதில் வர வேண்டும். அவ்வளவு தகவலும் ஒரே சர்வரில் கொள்ளாது. அதனால் துண்டு துண்டாக வெட்டிப் பல சர்வர்களில் பரப்பி, ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு நகல் வைத்திருக்கிறோம். ஒரு நகல் செத்தாலும் மற்றது பேசும். எந்த நகல் எந்தச் சர்வரில் உட்கார வேண்டும் என்பதை ஒரு விதி முடிவு செய்யும். அந்த விதியை எழுதியவள் நான். "ஒரு துண்டின் இரண்டு நகல்களும் ஒரே அறையில் இருக்கக் கூடாது." ஒரே வரிதான். அதை எழுதிய அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

விதிக்குக் கண் கிடையாது. 'நீ எந்த அறை?' என்று சர்வரிடமே கேட்கும். சர்வர் தனக்குள் எழுதியிருக்கும் அடையாளத்தைப் பார்த்துச் சொல்லும். அந்த அடையாளத்தை எழுதி வைப்பது மனிதர்கள்.

மே மாதம் மெய்யப்பன் சார் ஒரு வாஸ்து நிபுணரைக் கூட்டிவந்தார். பேட்டரி என்றால் அக்னி, அக்னிக்குரிய இடம் தென்கிழக்கு மூலை என்று அவர் சொல்ல, பேட்டரிகளையெல்லாம் ஒரே மூலைக்குத் தள்ளினார்கள். அங்கே கிடந்த சாமான்களை மாடியில் தெற்கு அறைக்கு ஏற்ற இடம் வேண்டும் என்று, அந்த அறைச் சர்வர்கள் பலவற்றைத் தூக்கி வடக்கு அறைக்குக் கொண்டுபோனார்கள். தூக்கியவர்கள் வயரை மாற்றினார்கள், விசிறியைத் துடைத்தார்கள், எலுமிச்சம்பழம்கூடக் கட்டினார்கள். அடையாளத்தை மட்டும் யாரும் மாற்றவில்லை.

இன்று ரிஸ்வானாவும் நானும் ஒவ்வொரு சர்வராகப் போய்ப் பார்த்தோம். ஏறக்குறைய பாதித் துண்டுகளுக்கு இரண்டு நகலும் வடக்கு அறையிலேயே இருக்கின்றன. வைப்பாற்றில் ஒன்று, பாலாற்றில் ஒன்று. விதி நிம்மதியாகத் தூங்குகிறது.

போன வருஷ மழையில் 'அருகில்' ஒரு பிற்பகல் முழுக்கப் படுத்துவிட்டது. இன்னொரு தடவை படுத்தால் பழையபடி ஒவ்வொரு ஆஸ்பத்திரியாகப் போன் போட்டுக் கேட்டுக்கொள்கிறோம் என்று கட்டுப்பாட்டு அறைக்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். உயிருக்குப் போராடும் ஆளை வைத்துக்கொண்டு வண்டி நடுரோட்டில் நிற்பதா? இந்த மழைக்கு 'அருகில்' நிற்கக் கூடாது. எனக்கு வேறு வேண்டுதல் இல்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

மெய்யப்பன் சாரிடம் சொன்னேன். நல்ல மனிதர், காரைக்குடிக்காரர், யார் மனத்தையும் நோகடிக்க மாட்டார். அதனால் எதற்கும் 'சரி'யும் சொல்ல மாட்டார், 'இல்லை'யும் சொல்ல மாட்டார்.

"பாக்கலாம்மா. பதட்டப்படாதே."

"பாத்துட்டுத்தான் சார் வந்திருக்கேன்."

அடையாளங்களைத் திருத்தியாகிவிட்டது. ஆனால் இந்த விதி புதிதாக ஒரு நகலை வைக்கும்போதுதான் வாயைத் திறக்கும். ஏற்கெனவே உட்கார்ந்திருப்பதை எழுப்பாது. பந்தியில் உட்கார்ந்துவிட்ட சொந்தக்காரரை எழுப்புவது யார்? நாங்கள்தான். தெற்கு அறையில் புதுநகல் வைத்து, அது முழுதாக நிரம்பியதைப் பார்த்து, பிறகு வடக்கில் இருக்கும் பழையதை அழிக்க வேண்டும். ஒவ்வொரு துண்டாக.

அக்டோபர் 9, வியாழன்

அதே வேலை. மதியம் தயிர்சாதம்.

அக்டோபர் 14, செவ்வாய்

முடிந்தது. எல்லாத் துண்டும் இரண்டு அறையிலும் பிரிந்து உட்கார்ந்துவிட்டன. ரிஸ்வானா தம்ரூட் இனிப்பு வாங்கி வந்தாள். பெரிய ஆள்தான் நான் என்று எனக்கே தோன்றியது.

அந்த நினைப்போடு வீட்டுக்கு வந்தால் சிலிண்டர்காரர் வாசலில் நிற்கிறார். கேஸ் இணைப்பு அவர் பெயரில் இருக்கிறது. சிலிண்டர் இறக்கும்போது சொல்ல வேண்டிய நம்பர் அவருடைய போனுக்குத்தான் போகும். 'அவர்' என்றால் ஆவுடையப்பன். என் கணவர். சித்திரையில் கோயம்புத்தூருக்கு ஒரு பம்ப் கம்பெனியில் வேலை என்று போனவர். ஆகவே சிலிண்டர் வரும்போதெல்லாம் நான் அவரைக் கூப்பிட்டாக வேண்டும். கேஸ் கம்பெனி செய்த சதி.

நம்பரைச் சொன்னார். நான் வைத்திருக்கலாம். வேலை முடிந்த பெருமையில் வாய் சும்மா இருக்காமல் இரண்டு அறை, இரண்டு நகல் என்று அளந்துவிட்டேன்.

"நல்லதுதான். ஏட்டி, ரெண்டு ரூமுக்கும் கரண்டு எங்கேருந்து வருது?"

"எங்கேருந்தோ வருது. உங்க பம்புக்கு எங்கேருந்து வருதோ அங்கேருந்து."

"கோவப்படாத. ஒரே பேட்டரியில ரெண்டு ரூமும் ஓடுனா அது ரெண்டு ரூம் இல்லலா? அதுக்குத்தான் கேட்டேன்."

போனை வைத்துவிட்டேன். எப்போது பார்த்தாலும் ஒரு நொட்டை.

அக்டோபர் 15, புதன்

போய்ப் பார்த்தேன். அக்னி மூலை, தரைத்தளம். இரண்டு அறைக்கும் போகும் பேட்டரிகள் அத்தனையும் அங்கேதான், ஜெனரேட்டர் சுவிட்சுகளும் அங்கேதான். வெளிக்கதவுக்கும் தெருவுக்கும் நடுவில் ஒரு படி. பெருங்குடித் தெருவில் மழைத்தண்ணீருக்கு ஒரு படி எம்மாத்திரம்.

அவர் கேட்டது சரிதான். இதை இங்கே எழுதுகிறேன். அவரிடம் சொல்லப் போவதில்லை.

அக்டோபர் 16, வியாழன்

விதியை மாற்றச் சொல்லிவிட்டேன். இனி ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று நகல், அதில் ஒன்று கட்டாயம் ஊருக்கு வெளியே.

"எந்த ஊரும்மா?" என்றார் மெய்யப்பன் சார்.

"கோயம்புத்தூர்."

ரிஸ்வானா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள், புரை ஏறிவிட்டது. "ஏன்க்கா, மதுரை இல்லையா, திருச்சி இல்லையா?"

காரணங்கள் இவை: கோயம்புத்தூருக்குக் கடல் இல்லை, புயல் அந்தப் பக்கம் போவது அபூர்வம். சென்னைக்கு வரும் மழை அங்கே அதே நாளில் அதே அளவுக்கு வருவதில்லை. மெய்யப்பன் சாருடைய சகலைக்கு அங்கே நூற்பாலை இருக்கிறது, மின்சாரம் சுத்தமாக வரும், மாடியில் ஏசி போட்ட அறை ஒன்று சும்மா கிடக்கிறது. இதற்குமேல் வேறு காரணம் எதுவும் கிடையாது. ரிஸ்வானாவிடமும் இதையே ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். "நான் ஒண்ணும் கேக்கலியேக்கா," என்றாள்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அவர் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. முறுக்கு இந்தத் தடவை பிரமாதமாக வந்தது. தின்னத்தான் ஆளில்லை.

அக்டோபர் 30, வியாழன்

சகலை வீட்டு நூற்பாலையில் சர்வர்கள் இறங்கிவிட்டன. நொய்யல், பவானி என்று பெயர் வைத்தாயிற்று. இங்கிருந்தபடியே புதுவிதியை ஓட விட்டோம். துண்டுகள் ஒவ்வொன்றாகக் கோயம்புத்தூரில் தங்கள் மூன்றாவது நகலை வைத்துக்கொண்டே வந்தன. மனசு நிறைந்துவிட்டது.

கடைசித் துண்டு மட்டும் மாட்டேன் என்றது. நொய்யலிலும் இடமில்லை, பவானியிலும் இடமில்லை. விதிக்கு ஏற்ற சர்வர் எதுவும் கிடைக்கவில்லை என்று சிவப்பில் ஒரு வரி. அது வடகடலோரத்து மருந்து இருப்புத் துண்டு. எண்ணூருக்கு வடக்கே எந்த ஆஸ்பத்திரியில் என்ன மருந்து என்பதெல்லாம் அதற்குள்தான்.

புது சர்வர் கேட்டால் டிசம்பரில் வரும் என்கிறார்கள். மழை டிசம்பர்வரை காத்திருக்குமா?

அக்டோபர் 31, வெள்ளி

இன்றைக்கு வாய்ச்சண்டை. முதலாளியோடு சண்டை போட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

விதியில் ஒரு வசதி உண்டு. எந்த வரியின் பின்னாலும் 'கூடுமானவரை' என்று ஒரு குறி போடலாம். போட்டால், முடிந்தால் விதிப்படி வைக்கும். முடியாவிட்டால் கிடைத்த இடத்தில் வைத்துவிட்டு எல்லாம் சுபம் என்று பச்சை காட்டும்.

"கூடுமானவரைன்னு போட்டு விட்டுடும்மா. ஒரு துண்டுதானே. திரையில செவப்பு இல்லாம இருக்கும், பாக்கறவங்களுக்கும் நிம்மதி."

"சார், கல்யாணத்துக்குக் கூடுமானவரை வர்றேன்னு சொல்றவங்களுக்கு யாராவது இலை போடுவாங்களா?"

"அப்படி இல்லம்மா..."

"அப்படித்தான் சார். கூடுமானவரை வாரா வாரம் வர்றேன்னு சொல்லிட்டுப் போவாங்க. ரெண்டு வாரம் வருவாங்க. அப்புறம் ரயில்ல டிக்கெட் இல்லம்பாங்க, ஆர்டர் அவசரம்பாங்க. கேட்டா, நான் கூடுமானவரைன்னுதானே சொன்னேன்னு நம்மளையே குத்தவாளி ஆக்குவாங்க. அந்த வார்த்தையே என் விதியில வேண்டாம்."

ரிஸ்வானா தன் செருப்பைப் பார்த்தாள். மெய்யப்பன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"சரிம்மா," என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் 'சரி'.

சர்வரைப் பற்றித்தான் பேசினேன். கொஞ்சம் சத்தமாகப் பேசிவிட்டேன், அவ்வளவுதான்.

நவம்பர் 5, புதன்

வழி கிடைத்துவிட்டது. இருக்கிற சர்வர் ஒன்றையே கழற்றிக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். அதில் இருப்பதை முதலில் மற்ற ஆறுகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். எந்தச் சர்வர் என்று யோசிக்கவே இல்லை. வைப்பாறு. இத்தனைக்கும் ஆரம்பம் அதுதான், அதுவே போய்ப் பரிகாரம் செய்யட்டும். அது எங்கள் ஊர்ப் பக்கத்து ஆறு வேறு. கோவில்பட்டிக்காரி சொன்னால் கேட்கும்.

லாரியில் போட்டுவிடலாம் என்றார்கள். மழைக்காலத்தில் எந்த குடோனில் எத்தனை நாள் கிடக்குமோ. நானே பகல் ரயிலில் கொண்டுபோகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 14, வெள்ளி

வைப்பாற்றைப் பஞ்சு மெத்தையில் சுற்றி, ரிஸ்வானாவும் போர்ட்டரும் நானுமாக ரயிலில் ஏற்றினோம். ஒரு குழந்தையைவிட ஜாக்கிரதையாகத்தான் கொண்டுவந்தேன். எதிர் இருக்கையில் இருந்த அம்மாள் ஜோலார்பேட்டைவரை பொறுத்துப் பார்த்துவிட்டு, "இது என்ன, ஆர்மோனியமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஒரு பாட்டுப் பாடச் சொல்லிவிடுவாரோ என்று ஈரோடு வரும்வரை பயந்துகொண்டே வந்தேன்.

கோயம்புத்தூர் ஸ்டேஷனில் அவர் நின்றுகொண்டிருந்தார். நான் சொல்லவில்லை. ரிஸ்வானா சொல்லியிருக்கிறாள். கம்பெனி குட்டியானையைக் கொண்டுவந்திருந்தார், பம்ப் ஏற்றுகிற சின்ன லாரி. இளைத்துப் போயிருக்கிறார். சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. வைப்பாற்றின் ஒரு பக்கத்தைப் பிடித்தார், நான் மறுபக்கம் பிடித்தேன். குட்டியானையில் ஏற்றி, பள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டினார்.

"நெத்தியில பொட்டு வேற," என்றார் நூற்பாலை வாசலில் மெத்தையைப் பிரித்தபோது.

"ரெண்டு பொட்டு. வருஷத்துக்கு ஒண்ணு."

சிரித்தார். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கும் சிரிப்பு வந்தது, அதனால்.

இரவு தங்கல் நூற்பாலை விருந்தினர் அறையில்.

நவம்பர் 16, ஞாயிறு

வைப்பாறு எழுந்துவிட்டது. முதல் வேலையாக அதன் அடையாளத்தில் 'கோவை' என்று நானே அடித்து, ரிஸ்வானாவைப் போனில் வாசிக்கச் சொல்லிச் சரிபார்த்தேன். பிறகு விதியை ஓட விட்டேன். கடைசித் துண்டு ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் வந்து உட்கார்ந்தது. சிவப்பு வரி போயே போய்விட்டது. சென்னை மொத்தமாக விழுந்தால் தேடி வருபவர்களுக்கு வாசல் இங்கே திறக்கும்படியும் செய்தாயிற்று. கூடுமானவரை இல்லை. கட்டாயம்.

விருந்தினர் அறையில் தண்ணீர் சரியில்லை. முடி கொட்டும் போலிருக்கிறது. அதனால் அவர் வீட்டுக்கு மாறிவிட்டேன்.

நவம்பர் 18, செவ்வாய்

நாளை ரயிலில் திரும்ப வேண்டும். வங்கக் கடலில் காற்றழுத்தம், புயலாகலாம் என்கிறார்கள். டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். குழுவில் ஒரு ஆள் இங்கே இருப்பது நல்லது.

அவர் வீட்டில் மிளகாய்த்தூள் என்ற பெயரில் ஏதோ செங்கல் பொடி இருக்கிறது. ஒரு மனிதன் ஏழு மாதமாக இதையா சாப்பிட்டான்? சட்டைக்குப் பொத்தான் வைத்தேன்.

நவம்பர் 21, வெள்ளி

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் நூற்பாலை மாடியில் திரைமுன் உட்கார்ந்தேன். இங்கே வெயில். சென்னையில் விடியலிலிருந்து மழை ஊற்றுகிறது என்று ரிஸ்வானா சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளும் மெய்யப்பன் சாரும் ஆபீஸ் முதல் மாடியில்.

"அக்கா, தண்ணி படியைத் தாண்டிடுச்சு."

"பேட்டரி அறைக்கு எவ்வளவு தூரம்?"

"கதவுக்கு வெளியில நிக்குது. சார் மெயின் சுவிட்சை அணைச்சுடலாங்கிறார். தண்ணி பட்டு வெடிச்சா ஆளுக்கே ஆபத்து."

அணைத்தால் இரண்டு அறையும் சேர்ந்து செத்துவிடும். அணைக்காவிட்டால் கீழே நிற்கும் ஆள்கள். மெய்யப்பன் சார் போனை வாங்கினார். அவர் குரல் இவ்வளவு மெல்லியதாக நான் கேட்டதில்லை.

"செண்பகம், அணைக்கட்டுமாம்மா? உன் பக்கம் தாங்குமா?"

செண்பகவல்லி என்ற பெயரை வைத்துக்கொண்டு இத்தனை வயசில் நான் சொன்ன கனமான வார்த்தை இதுதான்: "தாங்கும் சார். அணைங்க."

வடக்கு அறை சிவப்பாயிற்று. தெற்கு அறை சிவப்பாயிற்று. பாலாறு, செய்யாறு, வைகை எல்லாம் வரிசையாகப் போயின. திரை முழுக்கச் சிவப்பு. அடியில் மூன்றே பெயர் பச்சையில். நொய்யல், பவானி, வைப்பாறு. சென்னை நகல்கள் போய்விட்டன என்று புரிந்துகொள்ள அவற்றுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு ஒவ்வொரு துண்டாக, இங்கே இருந்த நகல் 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று பொறுப்பெடுத்துக்கொண்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வரட்டும், எழுதுவதில் என்ன வெட்கம்.

நானே தட்டிப் பார்த்தேன். 'பாம்புக்கடி மருந்து, பழவேற்காடு அருகில்.' வழக்கத்தைவிட ஒரு நொடி தாமதம். பதில் வந்தது.

'அருகில்' நிற்கவில்லை.

மதியம் கட்டுப்பாட்டு அறையிலிருந்து பத்மாசனி அம்மா கூப்பிட்டார். போன வருஷம் எங்களைக் கிழிகிழியென்று கிழித்தவர் அவர்தான். போனை எடுக்கவே பயமாக இருந்தது.

"ஏம்மா, உங்க ஆபீஸ் தண்ணில மூழ்கிடுச்சின்னு இப்பதான் சொல்றாங்க. நெசமா?"

"ஆமாம்மா. காலையிலயே கரண்டை அணைச்சுட்டோம்."

"அப்ப நாங்க காலையிலேர்ந்து எதுலம்மா தேடிட்டு இருக்கோம்?"

சொன்னேன். கோயம்புத்தூர், நூற்பாலை மாடி, மூன்று சர்வர். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார். பழவேற்காட்டுப் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் வந்து ஒரு பெண்ணைப் பாம்பு கடித்துவிட்டதாம். மீன் விற்கிறவள், கைக்குழந்தை இருக்கிறது. வழக்கமாகப் போகும் ஆஸ்பத்திரியில் நேற்றே மருந்து தீர்ந்துவிட்டது. அது தெரியாமல் போயிருந்தால் வண்டி வீணாகப் போய்த் திரும்பியிருக்கும். மருந்து இருக்கும் இன்னொரு இடத்தை 'அருகில்' காட்டியது. வண்டி நேரே அங்கே போனது. ஊசி போட்டாகிவிட்டது, பேசுகிறாள், குழந்தையைக் கேட்கிறாள்.

நான் எந்தத் துண்டு என்று பார்த்தேன். பார்க்காமலே தெரியும். வடகடலோரத்து மருந்து இருப்பு. இன்று உலகத்திலேயே அதன் ஒரே உயிருள்ள நகல் வைப்பாற்றில் இருந்தது.

'கூடுமானவரை' என்று போட்டிருந்தால் அது சென்னையிலேயே, இருட்டில், பச்சைப் பொட்டு வைத்துக்கொண்டு செத்துக் கிடந்திருக்கும்.

சாயங்காலம் அவர் வேலை முடிந்து நேரே நூற்பாலைக்கு வந்தார். கையில் சூடாக உளுந்துவடை. எல்லாம் சொன்னேன். கரண்டு எங்கேருந்து வருது என்று அவர் கேட்டதில்தான் இது இத்தனை தூரம் வந்தது என்பதையும் சொல்லிவிட்டேன். சொல்லக் கூடாது என்று வைத்திருந்தேன், வாயில் வந்துவிட்டது.

அவர் வடையைக் கீழே வைத்தார்.

"நான் சித்திரையில அப்படிச் சொல்லிருக்கக் கூடாதுட்டி."

"எப்படி?"

"கூடுமானவரைன்னு."

ரிஸ்வானா அதையும் சொல்லியிருக்கிறாள். அவளை நேரில் பார்த்துக்கொள்கிறேன்.

நவம்பர் 24, திங்கள்

சென்னையில் தண்ணீர் வடிந்துவிட்டது. பேட்டரி பாதி போச்சு. சர்வர்கள் மாடியில் இருந்ததால் பிழைத்தன. அவை எழுந்ததும் இங்கிருந்தே விட்டுப்போனதையெல்லாம் நிரப்பிக்கொண்டன. இத்தனை நாளும் தேடல் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

மெய்யப்பன் சார் வாஸ்து நிபுணரைக் கேட்டாராம். மாடியிலும் அக்னி மூலை உண்டு என்று அவர் அனுமதி கொடுத்துவிட்டார். பேட்டரிகள் மேலே போகின்றன. யார் சொன்னால் என்ன, மேலே போனால் சரி.

நவம்பர் 28, வெள்ளி

பழைய முறைக்குப் போவதாக மிரட்டிய கட்டுப்பாட்டு அறைகள், இதுவரை சேராத மாவட்டங்களையும் 'அருகில்' உள்ளே கொண்டுவரச் சொல்கின்றன. முதல் ஆளாகப் பேசியது பத்மாசனி அம்மா. பழவேற்காட்டுப் பெண் வீட்டுக்குப் போய்விட்டாள் என்றும் சொன்னார். ரிஸ்வானா போனிலேயே குலவை போட்டாள். நாகூர்க்காரிக்குக் குலவை எங்கிருந்து வந்தது என்றேன். உங்களோடு சேர்ந்ததில் என்றாள்.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை. நூற்பாலை மாடியில் சர்வர் அறைக்கு வெளியே இரண்டு அகல் ஏற்றினேன். வைப்பாற்றுக்கு மூன்றாவது பொட்டு. ஆயுத பூசைக்கு இன்னும் எத்தனையோ மாதம் இருக்கிறது. இருக்கட்டும், சம்பாதித்த பொட்டு.

அவரும் கூடவே வந்திருந்தார். அப்போது மெய்யப்பன் சார் போனில் கூப்பிட்டார், ஸ்பீக்கரில் போட்டேன்.

"செண்பகம், புது மாவட்டமெல்லாம் சேருதும்மா. கோயம்புத்தூர்ல பெருசா செய்யணும். பொறுப்பா ஒரு ஆள் அங்கேயே இருக்கணும். நான் யாரையும் வற்புறுத்த மாட்டேன், உனக்கே தெரியும். கூடுமானவரை நீயே அங்க இருந்து பாத்துக்கிறியா?"

என் பக்கத்தில் அவர் அகலில் திரி தூண்டிக்கொண்டிருந்தார். கை நின்றுவிட்டது.

"கூடுமானவரைன்னு வேண்டாம் சார்," என்றேன். "கட்டாயம்னே போடுங்க."

மறுமுனையில் மெய்யப்பன் சார் சிரிப்பது கேட்டது. "சரிம்மா," என்றார். இரண்டாவது சரி.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். அவர் எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ரெண்டும் ஒரே கூரைக்குக் கீழ இருக்கக் கூடாதுன்னு ஒரு விதி வச்சிருக்கியே, அது என்னாச்சு?"

"அது சர்வருக்கு."

டிசம்பர் 5, வெள்ளி

சென்னை வீட்டுக் கேஸ் இணைப்பை இந்த முகவரிக்கு மாற்ற எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். நல்ல மிளகாய்த்தூளும் வாங்கியாயிற்று. இனி சிலிண்டர் வந்தால் நம்பர் கேட்க நான் போன் போட வேண்டியதில்லை. அடுக்களையிலிருந்து ஒரு சத்தம் கொடுத்தால் போதும்.